டெட் முதல் தகுதிகாண் பருவம் வரை: ஆசிரியப் பணிக்குப் புதிதாக வருவோர் கேட்கும் கேள்விகள்

நான் 2013 ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதியவள். அதன்பின் தனியார் பள்ளி, தற்காலிகப் பணி, போட்டித் தேர்வு என்று சுற்றி, இப்போது அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். ஒவ்வொரு ஆண்டும் பி.எட். முடிக்கும் தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை. விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறும். விண்ணப்பிக்கும் நாளில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கை என்ன சொல்கிறதோ, அதுவே கடைசி வார்த்தை.

பி.எட். முடித்துவிட்டேன். நான் ஆசிரியர்தானே? இன்னும் என்ன உரிமம்?

மருத்துவர், வழக்கறிஞர் போல ஆசிரியருக்குத் தனியாகப் பதிவு எண்ணோ உரிம அட்டையோ நம் நாட்டில் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது டெட் என்று நாம் சொல்லும் ஆசிரியர் தகுதித் தேர்வு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 23-ஆம் பிரிவு, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்கும் பொறுப்பை மத்திய அரசு அறிவிக்கும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தது. அந்த அமைப்புதான் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அது 2010 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட அறிவிக்கையில், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை கற்பிக்க டெட் தேர்ச்சி கட்டாயம் என்றது. உங்கள் பி.எட். பட்டம் அந்தத் தேர்வு அறைக்குள் நுழைய வழி செய்கிறது, அவ்வளவுதான்.

டெட் பாஸ் செய்தால் அரசு வேலை கிடைத்துவிடுமா?

கிடைக்காது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் வயதுக்காரர்கள் பலருடைய வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012, 2013-இல் டெட் எழுதியபோது, தேர்ச்சி பெற்றால் பணி நியமனம் என்றுதான் நம்பினோம். முதலில் பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் டெட் மதிப்பெண்ணையும் சேர்த்து 'வெயிட்டேஜ்' போட்டார்கள். டெட்டுக்கு 60, மற்றவற்றுக்கு 40. இதில் அடிபட்டவர்கள் மூத்தவர்கள். பிளஸ் டூவில் மதிப்பெண் தாராளமாகக் கிடைக்காத காலத்தில் படித்தவர்கள், டெட்டில் அதிகம் எடுத்தும் பட்டியலில் பின்னால் போனார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணை எண் 149 அந்த முறையைக் கைவிட்டு, டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு, அதாவது நியமனத் தேர்வு, என்றது. தேர்ச்சி பெற்றுப் பணிக்குக் காத்திருந்தவர்கள் மறுபடியும் ஒரு தேர்வுக்குப் படிக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. அந்த வலியை நேரில் பார்த்தவள் நான். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்றைய நிலை இதுதான்: டெட் தகுதி, நியமனத் தேர்வு வேலை. இரண்டும் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆண்டும் ஆகலாம், ஐந்து ஆண்டும் ஆகலாம். அந்த இடைவெளியில் வீட்டில் முடங்காமல் ஏதாவது ஒரு வகுப்பறையில் இருங்கள்.

யார் எந்தத் தாள் எழுத வேண்டும்?

1 முதல் 5-ஆம் வகுப்புக்குத் தாள் 1. அது இடைநிலை ஆசிரியர் பணிக்கு. பிளஸ் டூவும் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும், அதாவது டி.எல்.எட்., முடித்தவர்கள் எழுதுவது. பழைய பெயர் டி.டி.எட். என்பதால் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் 'டீச்சர் டிரெயினிங்' என்றுதான் சொல்வார்கள். 6 முதல் 8-ஆம் வகுப்புக்குத் தாள் 2. அது பட்டமும் பி.எட்.டும் முடித்தவர்களுக்கு. பட்டத்துடன் டி.எல்.எட். வைத்திருப்பவர்களும் எழுதலாம்.

நம் மாநிலத்தில் பட்டதாரி ஆசிரியர் 10-ஆம் வகுப்பு வரை பாடம் எடுப்பார். சட்டம் 8-ஆம் வகுப்போடு நின்றாலும், பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தாள் 2 தேவை. முதுகலை ஆசிரியருக்கு இப்போதைக்கு டெட் கிடையாது. முதுகலையும் பி.எட்.டும் இருந்தால் நேரே அதற்கான போட்டித் தேர்வு எழுதலாம். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்ற சிறப்பாசிரியர்களுக்கும் டெட் கேட்பதில்லை.

பி.எட். வைத்துக்கொண்டு தாள் 1 எழுதி, தொடக்கப் பள்ளிக்குப் போகலாமா?

போக முடியாது. 2018 ஜூன் 28-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதற்கு வழி திறந்தது. பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புகளில் சேரலாம், சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாத இணைப்புப் படிப்பு முடிக்க வேண்டும் என்றது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அந்தத் தேதிக்கு முன் முறையாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு.

பி.எட். மாணவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் நீதிமன்றம் சொன்ன காரணத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது தனிப் பயிற்சி. டி.எல்.எட். படித்த என் தோழி 'அ' எழுத வைக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டைப் பார்ப்பாள். நான் எழுத்தைத்தான் பார்ப்பேன். அந்த வித்தியாசம் பி.எட். வகுப்பில் சொல்லித் தரப்படுவதில்லை.

தேர்வு எப்படி இருக்கும்?

150 கேள்விகள், 150 மதிப்பெண், எல்லாம் கொள்குறி வகை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். தாள் 1-இல் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், மொழிப்பாடம், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் 30. தாள் 2-இல் முதல் மூன்றும் அப்படியே. மீதி 60 மதிப்பெண் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். மொழிப்பாடமாகத் தமிழ் மட்டுமல்ல, தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது ஆகியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம்.

2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டில் நேரம் ஒன்றரை மணிதான். எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணியாக்கினார்கள்.

எதைப் படிப்பது? கோச்சிங் அவசியமா?

பள்ளிப் பாடநூல்கள். முதலிலும் அதுதான், கடைசியிலும் அதுதான். தாள் 2-க்கு 6, 7, 8-ஆம் வகுப்புப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். கேள்வியின் கடினம் மேல்நிலை வகுப்பு அளவுக்குப் போகலாம் என்பது விதி. ஆகவே 9 முதல் 12 வரை தொடர்புடைய பாடங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். தாள் 1-க்கு 1 முதல் 5 வரை ஆழமாகவும், 10 வரை மேலோட்டமாகவும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது குழந்தை மேம்பாட்டுப் பகுதியில். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். கேள்வியோ, 'உயரமான குவளையில் ஊற்றியதும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று குழந்தை சொல்கிறது, அது எந்த நிலை' என்பது போல வரும். பக்கத்து வீட்டு நான்கு வயதுப் பிள்ளையிடம் அதைச் செய்து பாருங்கள், பிறகு மறக்காது.

கோச்சிங் பற்றிச் சொன்னால், பட்டம் முடித்துப் பல ஆண்டு இடைவெளி விழுந்தவர்களுக்கு வாராந்திரத் தேர்வு வைக்கும் இடம் உதவும். மற்றவர்களுக்குப் பாடநூலும் பழைய வினாத்தாள்களும் போதும். கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டாம்.

எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி?

தேசிய அளவில் 60 சதவீதம், அதாவது 90. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை தரும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. தமிழ்நாடு 2014 பிப்ரவரியில் 5 சதவீதம் தளர்த்தி 82 என்று வைத்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சலுகை செல்லும் என்று 2016-இல் தீர்ப்பு வந்தது. இந்த எண் அரசாணையால் மாறக்கூடியது என்பதால் உங்கள் தேர்வின் அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எப்படியும் 100-ஐக் குறிவைத்துப் படிப்பது நல்லது.

சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்?

ஆயுள் முழுவதும். முதலில் ஏழு ஆண்டுதான் இருந்தது. 2021 ஜூனில் மத்திய அரசு அதை ஆயுட்காலமாக்கி, 2011 முதலே பொருந்தும் என்று அறிவித்தது. 2013-இல் தேறிய எங்களுக்கு அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

டெட் ஆண்டுதோறும் நடக்குமா?

ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது 2011-இல் வந்த வழிகாட்டுதல். நம் மாநிலத்தில் நடந்ததோ 2012, 2013, 2017, 2019, பிறகு 2022-இல் அறிவித்து 2023 பிப்ரவரி வரை நீண்ட தேர்வு, அப்புறம் 2025 நவம்பர். இந்த இடைவெளிகளைப் பாருங்கள். 2013 ஆகஸ்ட் தேர்வைத் தவறவிட்ட ஒருவர் ஏறக்குறைய நான்கு ஆண்டு காத்திருந்தார். மூன்று கோடைக்காலம், மூன்று பள்ளித் திறப்பு, வீட்டில் 'இன்னும் வேலை கிடைக்கலையா' என்ற கேள்வி. இது அரசு கட்டாயம் சரி செய்ய வேண்டிய விஷயம்.

ஆகவே அறிவிப்பு வந்ததும் படிக்கத் தொடங்கலாம் என்று இருக்காதீர்கள். பி.எட். இறுதி ஆண்டில் இருந்தாலும் எழுத வழிகாட்டுதலில் இடம் உண்டு. அறிவிக்கையில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டு, வரும் முதல் வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சிடெட் எழுதினால் போதாதா?

சிடெட் என்பது சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்தியத் தகுதித் தேர்வு. தமிழையும் மொழிப்பாடமாக எடுத்து எழுதலாம். கேந்திரிய வித்யாலயாவுக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் அது கை கொடுக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி நியமனத்துக்கு மாநில டெட் தேவை. நேரமும் தெம்பும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், பாடத்திட்டத்தில் பெரும்பகுதி பொதுவானதுதான். நவோதயா பள்ளிகளும் சிடெட் கேட்பவை, ஆனால் தமிழ்நாட்டில் நவோதயா இல்லை. தேர்வானால் வெளிமாநிலம்தான்.

தனியார் பள்ளியில் சேர டெட் வேண்டுமா?

சட்டப்படி சுயநிதிப் பள்ளிக்கும் இதே தகுதிதான். நடைமுறையில் டெட் இல்லாமலும் சேர்த்துக்கொள்கிறார்கள், குறைந்த சம்பளம் கொடுக்க அது ஒரு காரணமாகவும் ஆகிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் நிலை வேறு. 2014-இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் அந்தக் கேள்வி மறுபரிசீலனைக்காகப் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அசல் சான்றிதழ்களை எந்தப் பள்ளியிடமும் விட்டுவைக்காதீர்கள். நான் முதலில் சேர்ந்த பள்ளியில் 'கல்வியாண்டு முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இடையில் ஒரு சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கேட்டபோது இரண்டு வாரம் அலைக்கழித்தார்கள். கடைசி நாள் மாலை என் அப்பா போய் உட்கார்ந்து வாங்கி வந்தார். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.

2025 தீர்ப்பு என்கிறார்களே, அது புதியவர்களைப் பாதிக்குமா?

நேரடியாகப் பாதித்தது பணியில் இருக்கும் மூத்த ஆசிரியர்களை. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும், ஐந்துக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். இருபது, இருபத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவர்களிடம் இதைக் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் சேர்ந்த காலத்து விதிப்படி முறையாகச் சேர்ந்தவர்கள்.

புதியவர்கள் இதில் கவனிக்க வேண்டியது பதவி உயர்வு. இடைநிலை ஆசிரியராகச் சேர்பவர் பின்னாளில் பட்டதாரி ஆசிரியராக உயரத் தாள் 2 தேவைப்படும். டி.எல்.எட்.டும் பட்டமும் கையில் இருந்தால் இரண்டு தாளையும் இப்போதே எழுதுங்கள். முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து படிப்பது வேறு.

நியமனத் தேர்வு எப்படிப்பட்டது?

பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரியிலும், இடைநிலை ஆசிரியர் தேர்வு 2024 ஜூலையிலும் நடந்தன. கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. 30 கேள்வி, 50 மதிப்பெண், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் உங்கள் முதன்மைப் பகுதியையே திருத்துவார்கள். தமிழ் தெரியும்தானே என்று அலட்சியமாகப் போகாதீர்கள். 10-ஆம் வகுப்பு இலக்கணத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியே வாங்க வேண்டும். தேர்வு முடிவு வந்தபின் அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது?

அரசுப் பள்ளிகளில் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறார்கள். 2022-இல் தொடங்கியபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். பிறகு உயர்த்தினார்கள். டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை. தொகை குறைவுதான், நிரந்தரமாக்குவார்கள் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் நான் அதைச் செய்தேன். நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பாடத்தை முடிப்பது எப்படி என்று அங்குதான் கற்றேன். அரசுப் பள்ளியின் பதிவேடுகள், சத்துணவு நேரம், பெற்றோர் கூட்டம் எல்லாம் பழகிவிடும்.

சான்றிதழ் சரிபார்ப்பில் எங்கே சிக்கல் வருகிறது?

பெயரில். இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து என்று ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் விண்ணப்பியுங்கள். திருமணமான பெண்கள் சாதிச் சான்றிதழைத் தந்தை பெயரில் வைத்திருக்க வேண்டும். கணவர் பெயரில் எடுத்ததைக் கொண்டுவந்து, அழுதுகொண்டே தாலுகா அலுவலகத்துக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இணைத்தன்மை. உங்கள் பட்டத்தின் பெயர், பள்ளிப் பாடத்தின் பெயரோடு நேரடியாகப் பொருந்தாவிட்டால், உதாரணமாகப் பயன்பாட்டு அறிவியல் வகைப் பட்டங்கள், அது இணையானது என்று சொல்லும் அரசாணை வேண்டும். அப்படி ஒன்று உங்கள் பட்டத்துக்கு இருக்கிறதா என்று பி.எட். சேரும் முன்பே தேடுங்கள். இரண்டு ஆண்டும் பணமும் செலவழித்தபின் 'இந்தப் பட்டம் இந்தப் பணியிடத்துக்குப் பொருந்தாது' என்று கேட்பது கொடுமை. அதேபோல் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் இங்கே செல்லாது.

பணி ஆணை கிடைத்தபின் எல்லாம் முடிந்ததா?

இல்லை, தகுதிகாண் பருவம், அதாவது 'புரொபேஷன்', இருக்கிறது. தொடர்ந்த மூன்று ஆண்டுக்குள் மொத்தம் இரண்டு ஆண்டு பணி செய்திருக்க வேண்டும். கூடவே உங்கள் நியமனத்தை முறைப்படுத்தும் பணிவரன்முறை என்ற ஆணையும் வர வேண்டும். அதற்கு உங்கள் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைப் பல்கலைக்கழகமும் தேர்வுத் துறையும் உறுதி செய்து அனுப்ப வேண்டும். அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்த எண்ணில் போனது என்று குறித்துக்கொண்டு மாதம் ஒருமுறை கேளுங்கள். பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாள், விடுப்பு எல்லாம் ஏறியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. மகப்பேறு விடுப்பு இங்கே ஓர் ஆண்டு. முன்பு அந்த ஆண்டு தகுதிகாண் பருவத்தில் சேராததால், பிள்ளை பெற்றவர்கள் பணிமூப்பில் பின்தங்கினார்கள். அதையும் கணக்கில் சேர்ப்போம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

எனக்கு வயது 41. இனிமேல் வாய்ப்பு உண்டா?

உண்டு. இடையில் நியமனத்துக்கான வயது வரம்பை 40 ஆக்கியபோது பலர் நம்பிக்கை இழந்தார்கள். 2023-இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றப் பிரிவினருக்கு 58 என்று உயர்த்தினார்கள்.

ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

முடிவு வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது அது. தேர்வு முடிந்த சில நாளில் வாரியம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபணை தெரிவிக்க ஒரு வாரம் போல அவகாசம் தரும். விடை தவறு என்று தோன்றினால் பாடநூல் பக்கத்தைச் சான்றாக இணைத்து இணையவழியில் அனுப்புங்கள். கைடு, கோச்சிங் நோட்ஸ் எடுபடாது. தேர்வு எழுதிய களைப்பில் அந்த ஒரு வாரத்தைத் தூங்கிக் கழிப்பவர்கள்தான் அதிகம். நான்கைந்து பேராகச் சேர்ந்து உட்கார்ந்து, வினாத்தாளை ஒரு பக்கமும் பாடநூல்களை ஒரு பக்கமும் வைத்து, 150-ஐயும் சரிபாருங்கள். எங்கள் குழுவில் அப்படித்தான் ஒரு சமூக அறிவியல் கேள்வியைப் பிடித்தோம். இறுதி விடைக்குறிப்பில் அது திருத்தப்பட்டிருந்தது. எங்களில் ஒருத்தி அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் தேறினாள்.